ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் சஸ்பென்ஷன்: எதை மாற்றுவது, எதைப் புதுப்பிப்பது

அறுபதுகளில் சென்னையில் தயாரான இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்றைச் சேசிஸ் வரைக்கும் பிரித்து வைத்திருக்கிறீர்கள். சக்கரங்களைச் சேசிஸ் சட்டத்தோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களில் எவற்றைப் புதிதாக வாங்க வேண்டும், எவற்றைச் சுத்தம் செய்து பூச்சுக் கொடுத்துத் திரும்பப் பொருத்தலாம், எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் பவுடர் கோட்டிங் (தூளைத் தெளித்துச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பூச்சு) கொடுத்துவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள். மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, இது பழுதானால் எப்படிப் பழுதாகும், அப்போது கார் என்ன ஆகும், அந்தப் பழுது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியுமா என்று பாருங்கள். மெதுவாகத் தேய்ந்து சத்தம் போட்டு எச்சரிக்கும் பாகத்தைப் புதுப்பித்துப் பயன்படுத்தலாம். எச்சரிக்கை இல்லாமல் ஒடியும் பாகத்தில் சிறு சந்தேகம் இருந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். அந்த வகைப் பாகத்துக்குக் கொடுக்கும் பூச்சு, நாளை விழக்கூடிய விரிசலை மறைக்காததாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் காருக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு. ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்து 1959-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து வெளிவந்த டிரயம்ப் ஹெரால்டைத்தான், சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 948 சிசி எஞ்சினுடன் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் தயாரித்தது. அதே முன் சஸ்பென்ஷன் அமைப்பு சிறு மாற்றங்களோடு டிரயம்ப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜிடி6 ஆகியவற்றிலும் இருந்தது. லோட்டஸ் எலான் போன்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரும் இதன் செங்குத்துத் தண்டையே எடுத்துக்கொண்டது. இத்தனை கார்களுக்குப் பொதுவானதால், ஹெரால்ட் தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டு கடந்த பின்பும் இந்தப் பாகங்கள் இங்கிலாந்தில் புதிதாகச் செய்யப்பட்டு விற்பனையாகின்றன. சென்னையின் வாகனப் பாகக் கடைத்தெருக்களான புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடிக் கிடைக்காதது அங்கே கிடைத்துவிடும். ஆனால் விளம்பரத்தில் ஹெரால்ட் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஆறு சிலிண்டர் எஞ்சினைச் சுமக்கும் விட்டெஸின் முன் ஸ்பிரிங் கடினமானது; உங்கள் காரில் அதைப் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். இங்கே தயாரான கார்களில் உள்நாட்டுப் பாகங்கள் படிப்படியாகக் கூடி வந்தன என்பதால், கழற்றிய பழைய பாகத்தை அளந்து, அந்த அளவை விற்பவருக்கு அனுப்பி உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கட்டுங்கள். அதனால் பழைய பாகம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் புதியது பொருந்தும்வரை அதைத் தூக்கி எறியக் கூடாது.

முதலில் கவனிக்க வேண்டியது முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டும் அதன் அடியில் இருக்கும் டிரன்னியனும். மற்ற எல்லாப் பாகங்களுக்கும் சேர்த்துச் செலவிடும் கவனத்தை இந்த இரண்டுக்கு மட்டும் கொடுத்தாலும் தகும். வெர்ட்டிகல் லிங்க் எனப்படும் இந்த எஃகுத் தண்டின் மேல்முனை, எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டில் பொருந்துகிறது. கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கிறது. அந்த மரை, செம்புக் கலப்பு உலோகத்தால் ஆன டிரன்னியனுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டு டிரன்னியனுக்குள் கொஞ்சம் ஏறியும் இறங்கியும் சுழல்கிறது. ஒரு பக்கத் தண்டின் மரை வலப்புறமாகவும் மறுபக்கத்தது இடப்புறமாகவும் வெட்டப்பட்டிருக்கும் என்பதால் இரு பக்கத்துப் பாகங்களையும் மாற்றிப் போட முடியாது. கழற்றும்போதே அடையாளம் கட்டி வைப்பது நல்லது.

இந்த மூட்டுக்குள் செல்ல வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். தயாரிப்பாளர் சொன்னதும் அதுதான். நம் ஊர் சர்வீஸ் நிலையங்களில் கிரீஸ் கன் கையில் இருப்பதால், எல்லா நிப்பிளிலும் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) அடிப்பதைப் போல இதிலும் கிரீஸை அடித்துவிடுவது பல பத்தாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. தண்டு முழுச் சுற்று சுற்றுவதில்லை; ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும் அளவுக்கு மட்டுமே முன்னும் பின்னும் திரும்புகிறது. இவ்வளவு சிறிய அசைவு கெட்டியான கிரீஸை மரையின் எல்லா இடுக்குக்கும் இழுத்துச் செல்லாது. எண்ணெயோ தானாகவே ஊறிப் பரவும். கிரீஸ் காலப்போக்கில் காய்ந்து வழியை அடைத்துக்கொள்ள, மேலே இருக்கும் ரப்பர் சீல் கெட்டதும் மழைத் தண்ணீர் இறங்குகிறது. அதன்பின் மரையின் மேல்விளிம்பில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், துரு பிடிக்கிறது. வளைவு விசை அதிகமாக விழும் இடமும் அதுவே. துருக் குழியிலிருந்து விரிசல் தொடங்கி உள்நோக்கி வளர்ந்து, ஒரு நாள் தண்டு இரண்டாக ஒடிந்து சக்கரம் மடங்கிக்கொள்கிறது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பலருக்கு இது நேர்ந்திருக்கிறது. ஹெரால்டின் திருப்பு வட்டம் வெறும் 25 அடி. அவ்வளவு கூர்மையாகத் திரும்பும் காரில் இந்த மூட்டு படும் பாட்டை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாகப் போகும்போது ஒடிந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே உங்கள் தண்டுகளைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்பதைப் பார்வையால் முடிவு செய்யாதீர்கள். மண்ணெண்ணெயில் ஊறவைத்து அழுக்கையும் பழைய கிரீஸையும் நீக்கி, பிறகு தின்னரால் துடைத்து மரையைப் பளிச்சென்று வெளிக்கொணருங்கள். மரையின் பற்களில் குழி விழுந்திருந்தாலோ, பற்களின் முகடு கத்தி முனைபோல் கூர்மையாகத் தேய்ந்திருந்தாலோ, அத்துடன் சோதனை முடிந்தது. அந்தத் தண்டு வேண்டாம். மரை நன்றாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலைச் சாயத்தால் காட்டும் டை பெனிட்ரன்ட் சோதனை செய்யுங்கள். வெல்டிங் பொருள்கள் விற்கும் கடைகளில் மூன்று ஸ்பிரே டப்பாக்களாக அது கிடைக்கும். கிளீனரை அடித்துத் துடைத்து, சிவப்புச் சாயத்தை மரை முடிந்து வழுவழுப்பான தண்டு தொடங்கும் இடத்தைச் சுற்றிலும் அடித்து, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் வரை, பொதுவாகப் பத்து நிமிடத்துக்குக் குறையாமல், விட்டுவிட வேண்டும். பிறகு கிளீனர் தோய்ந்த துணியால் மேற்பரப்பில் சிவப்பே இல்லாதபடி துடைத்து, வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாகத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்திருந்த சாயம் வெள்ளைப் பரப்பில் முடி அளவு மெல்லிய சிவப்புக் கோடாக ஊறி வரும். அது ஒரு புள்ளியாகத் தொடங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரையின் வழியே நீளும். மெஷின் ஷாப்பில் காந்தத் துகள் சோதனை செய்யும் வசதி இருந்தால் எஃகுக்கு அது இன்னும் நம்பகமானது.

இதில் தவறவிடக் கூடாத வரிசை ஒன்று உண்டு. சாண்ட் பிளாஸ்டிங்கோ பீட் பிளாஸ்டிங்கோ செய்வதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். பிளாஸ்டிங்கில் வந்து மோதும் துகள்கள் உலோகத்தின் மேல்தோலை நசுக்கி விரிசலின் வாயை மூடிவிடும். சாயம் உள்ளே போகாது. கெட்ட தண்டு நல்ல தண்டு என்று தேறிவிடும். விற்பனைக்கு வந்த ஒரு ஹெரால்டில், பளபளக்கும் தடித்த கருப்புப் பூச்சுக்கு அடியில் மரையின் மேல்விளிம்பு முழுவதும் துருக் குழிகளாக இருந்த தண்டைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காரைப் புதுப்பித்தவர் வேலையை ஆசையோடுதான் செய்திருந்தார். ஆனால் அந்தப் பூச்சு, பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கவிடாமல் செய்திருந்தது.

என்னுடைய கருத்தைக் கேட்டால், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் பராமரித்தார்கள் என்று தெரியாத காரில் தண்டு, டிரன்னியன் இரண்டையும் இரு பக்கமும் சேர்த்துப் புதிதாகவே வாங்கிவிடுவேன். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க மாட்டேன். தேய்ந்த தண்டில் புது டிரன்னியனைப் போடுவதும், புதுத் தண்டில் பழைய டிரன்னியனைப் போடுவதும் பயனற்றவை. இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துப் பழகியவை. புதியவை வந்ததும் எண்ணெய் தடவி, கையாலேயே முழு நீளத்துக்கும் திருகிப் பாருங்கள். எங்கும் பிடிக்காமல், எங்கும் லொடலொடக்காமல் ஒரே சீராகத் திரும்ப வேண்டும். டிரன்னியனின் அடிப்பகுதியை மூடியிருக்கும் வட்டத் தகடு கசியாமல் இருக்கிறதா என்பதையும், உள்ளே எண்ணெய் விட்டு ஓர் இரவு காகிதத்தின் மேல் நிறுத்திவைத்துப் பார்த்துவிடுங்கள். புதுப் பாகங்களிலேயே இது கசிவது உண்டு. பொருத்தும்போது தண்டை டிரன்னியனுக்குள் கடைசிவரை திருகிவிட்டு, ஸ்டீயரிங் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவுக்குச் சற்றுத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கிய நிலையிலேயே விட்டால் ஒடித்துத் திருப்பும்போது தண்டின் மேல் தேவையில்லாத முறுக்கு விழும்.

கோயம்புத்தூரிலும் சென்னையிலும் நல்ல லேத் பட்டறைகள் இருக்கும்போது டிரன்னியனை இங்கேயே கடைந்துகொள்ளக் கூடாதா என்றும் தோன்றும். கைத்திறன் நம் பட்டறைகளில் தாராளமாக இருக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரணப் பித்தளை ராடு இந்த வேலைக்கு ஏற்றதல்ல; கன்மெட்டல் போன்ற தாங்கு உலோகம் வேண்டும். உள்மரையின் பொருத்தமும் இடப்புற மரையும் அளவுக் கருவியோடு சரிபார்க்கப்பட வேண்டும். இவ்வளவையும் செய்து முடிக்கும்போது ஆகும் செலவு, இறக்குமதி செய்வதைவிடக் குறையாது. டிரன்னியனின் குறுக்குத் துளையில் வரும் நைலான் புஷ் (மூட்டுத் துளைக்குள் உட்காரும் உறை), எஃகு டிஸ்டன்ஸ் டியூப், தூசு தடுக்கும் வாஷர்கள் ஆகியவை செட்டாக வரும். அவற்றையும் புதிதாகப் போடுங்கள். மேல் பால் ஜாயிண்ட்டும் அப்படியே.

விஷ்போன் ஆர்ம்களின் கதை வேறு. சேசிஸையும் சக்கரத்தின் பக்கத்தையும் இணைத்து மேலும் கீழுமாக இருக்கும் இந்த எஃகுக் கைகள் எளிதில் கெடுவதில்லை. சேதம் வந்தாலும் வளைவாகவோ, துளை நீள்வட்டமானதாகவோ கண்ணுக்குத் தெரிந்துவிடும். அறுபது ஆண்டு பழைய ஒரிஜினல் ஆர்மை, இன்று நகலாகச் செய்யப்படும் எதையும்விட நான் விரும்புவேன். சமதளமான மேஜையில் இடது வலது ஆர்ம்களை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுங்கள். ஏதோ ஒரு காலத்தில் நடைபாதை விளிம்பில் மோதிய ஆர்ம் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள், வேறொன்றைத் தேடுங்கள். கீழ் ஆர்மைச் சேசிஸுடன் இணைக்கும் பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் ஷிம்கள் எனப்படும் மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிப்பவை அவையே. எந்தப் பிராக்கெட்டில் எத்தனை ஷிம் இருந்தது என்பதைக் கழற்றும்போதே எழுதி வைத்திருந்தால் பின்னால் அலைன்மெண்ட் வேலை பாதியாகக் குறையும்.

ரப்பர் பாகங்களில் பழையது எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று கூடுதல் விலைக்கு வரும் புஷ்களையும் வாங்க வேண்டாம். எஃகுப் பாகம் நாற்பது ஆண்டு பெட்டிக்குள் இருந்தாலும் எஃகுதான். ரப்பர் அலமாரியில் இருந்தபடியே கெட்டியாகி வெடித்துவிடும். புதிதாகச் செய்யப்படும் ரப்பரிலும் தரம் பல விதம். வந்த புஷ்ஷை விரல்களால் அழுத்தித் திருகிப் பாருங்கள். மேற்பரப்பில் சிறு வெடிப்புகள் தெரிந்தாலோ, ரப்பரும் உள் எஃகுக் குழாயும் பிரிந்து வந்தாலோ திருப்பி அனுப்பிவிடுங்கள். பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. அது நீண்ட நாள் உழைக்கும், எண்ணெய் பட்டாலும் ஊறாது, பிரஸ் இல்லாமல் கையாலேயே பொருத்தலாம். அதற்கு விலையாக, வேகத்தடைகளும் குழிகளும் நிறைந்த சாலையில் ஒவ்வோர் அதிர்வையும் சேசிஸுக்குக் கடத்தும். அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவாவிட்டால் கிறீச்சிடும். ரப்பர் புஷ் தனக்குள் முறுக்கிக்கொடுத்து வேலை செய்வது. பாலியூரித்தேன் வழுக்கிச் சுழன்று வேலை செய்வது. குடும்பத்தோடு அமைதியாக ஓட்டப்போகும் காருக்கு நல்ல ரப்பரே பொருத்தம். நல்ல ரப்பர் கிடைக்கவில்லை என்றால், பந்தயத்துக்கு என்று விற்பதை விட்டு மென்மையான வகைப் பாலியூரித்தேனைத் தேர்ந்தெடுங்கள்.

போல்ட், நட் விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் சமரசங்கள் கவலை தருகின்றன. ஹெரால்டில் இருப்பவை அங்குல அளவில், யூஎன்எஃப் எனப்படும் நெருக்கமான மரை கொண்டவை. 5/16 அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர், ஆகவே 8 மில்லிமீட்டர் எம்8 போல்ட் துளைக்குள் சமத்தாக நுழைந்துவிடும். ஆனால் முன்னது அங்குலத்துக்கு 24 மரை, பின்னது ஏறத்தாழ 20. பழைய நட்டில் அதைப் பலவந்தமாகத் திருகினால் இரண்டின் மரையும் போய்விடும். 3/8 அங்குலத் துளையில் எம்10 நுழையாது என்பதால் பிராக்கெட்டையே ட்ரில் போட்டுப் பெரிதாக்கிய கார்கள் எத்தனையோ. அதன் பிறகு சரியான போல்ட் கிடைத்தாலும் அது துளைக்குள் ஆடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகையின் நெகிழ்வு வலிமை, அதாவது நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு, 450 மெகாபாஸ்கல், சாதாரண 8.8 கிரேடு எஃகுக்கு அது 640. துருப் பிடிக்காது என்பதற்காகச் சஸ்பென்ஷனில் வலிமை குறைந்ததைப் போடுவது சரியல்ல. போல்ட்டின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க முயலும் இடத்தில் மரை இல்லாத வழுவழுப்பான பகுதி நிற்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தளராமல் பிடிக்க உள்ளே நைலான் வளையம் கொண்ட நைலாக் நட்டை ஒருமுறை கழற்றிவிட்டால் மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

முன் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்ற ஸ்பிரிங் கம்ப்ரசர் கட்டாயம். கயிறு கட்டியோ கம்பி சுற்றியோ செய்யும் துணிச்சல் கையை, சில நேரம் கண்ணை, காவு வாங்கும். கழற்றிய இரண்டையும் நிறுத்தி உயரத்தை ஒப்பிடுங்கள். பிறகு கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரால், துரு அரித்த இடத்திலும் அரிக்காத இடத்திலும் அளந்து பாருங்கள். ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. கம்பி 12 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அரை மில்லிமீட்டர் துருவில் போனாலே கடினம் 16 சதவீதம் குறைந்து, அதே பாரத்தில் உலோகத்தின் மேல் விழும் தகைவு 14 சதவீதம் கூடிவிடும். அத்துடன் துருக் குழி ஒவ்வொன்றும் விரிசல் தொடங்கும் புள்ளி. குழி விழுந்த ஸ்பிரிங்கை எவ்வளவு அழகாகப் பூசினாலும் அது குழி விழுந்த ஸ்பிரிங்தான். சோடியாகப் புதியதை வாங்குங்கள். முன்பக்க உயரம் பிடிக்கவில்லை என்று ஸ்பிரிங்கை வெட்டுவதும் வெல்டிங் சூடு காட்டுவதும் அறவே கூடாது.

ஷாக் அப்சார்பருக்கு நீண்ட ஆலோசனை தேவையில்லை. சாதாரண எண்ணெய் வகை போதும். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய வகையை வாங்கினால் மிக மென்மையான நிலையிலிருந்து தொடங்குங்கள்.

பின்பக்கம் மீண்டும் நிதானிக்க வேண்டிய இடம். ஹெரால்டின் பின் சக்கரங்கள், ஒவ்வொரு பக்க அச்சும் தனித்தனியே மேலும் கீழும் ஊசலாடும் ஸ்விங் ஆக்ஸில் அமைப்பில், டிஃபரன்ஷியலின் (இரு அச்சுகளுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) மேல் குறுக்காகக் கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங்கில் தொங்குகின்றன. காரின் பின்பக்கம் உயர்ந்தால் சக்கரத்தின் அடிப்பகுதி உள்நோக்கி மடங்கும். அந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பி, நடுவில் பிரேக்கை மிதித்தாலோ ஆக்சிலரேட்டரை விட்டாலோ, வெளிப்பக்கச் சக்கரம் மேலும் உள்ளே மடங்கிப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். எனவே, தொய்ந்த பட்டையைப் பார்த்ததும் லாரிப் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டு வளைவை ஏற்றிக்கொள்வது, அம்பாசடரில் வெறும் அசௌகரியம் என்றால் ஹெரால்டில் ஆபத்து. அளவான பாரத்தில் பின் சக்கரங்களின் மேற்பகுதி சற்றே உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி கார் நிற்க வேண்டும். அது குறையல்ல, அமைப்பே அப்படி. இந்த அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்கவில்லை என்பதும், 1972-இல் வந்த ஸ்டாண்டர்ட் கேஸலில் சாதாரண முழு ஆக்ஸில் கொடுக்கப்பட்டதும் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதனாலேயே கேஸலிலிருந்து எடுத்த பின் சஸ்பென்ஷன் பாகங்கள் உங்களுக்கு உதவாது.

பட்டையைப் பிரித்து ஒவ்வொரு பிளேட்டையும் தனியாகப் பாருங்கள். நீளமான முதன்மைப் பிளேட்டின் முனை கண்ணாகச் சுருளும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, ஒரு பிளேட்டின் முனை அடுத்த பிளேட்டில் பள்ளம் பறித்திருக்கிறதா என்பவைதான் முக்கியம். முனைகளுக்கு இடையே இருந்த ரப்பர் பட்டன்கள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அவை இல்லாததால் இரும்பு இரும்போடு உரசி இறுகிப்போவதைத்தான் பலர் ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். பிளேட்டுகள் நன்றாக இருந்து வளைவு மட்டும் குறைந்திருந்தால், உலையில் சூடேற்றி எண்ணெயில் குளிரவைத்து மீண்டும் பதப்படுத்தும் வசதியுள்ள பட்டறையில் கொடுக்கலாம். சுத்தியலால் பச்சையாகவே அடித்து வளைப்பது நிற்காது; ஓட ஓடப் பழைய நிலைக்கு இறங்கிவிடும்.

இனிப் பூச்சு. பவுடர் கோட்டிங்கை எல்லாவற்றுக்கும் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. சேசிஸில் ஆடாமல் நிற்கும் தகடுகளுக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் அது தடித்த பூச்சு. இரு பாகங்கள் போல்ட்டால் இறுகும் முகத்தில் அது இருந்தால், நாளடைவில் அழுத்தத்தில் ஒதுங்கி, நீங்கள் டார்க் ரெஞ்சு (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து இறுக்கிய இறுக்கம் குறைந்துபோகும். கல் அடித்து ஓரிடத்தில் பெயர்ந்தால், அதற்கு அடியில் ஈரம் ஊர்ந்து பரவுவது வெளியே தெரியாது. செங்குத்துத் தண்டுக்கு இதே காரணத்தால் அது முற்றிலும் ஆகாது. புது ஸ்பிரிங்குகள் தொழிற்சாலையிலிருந்து பவுடர் பூச்சோடு வருகின்றனவே என்றால், அங்கே குழியில்லாத புது எஃகின் மேல் பாஸ்பேட் படலம் ஏற்றிய பிறகு அதைச் செய்கிறார்கள். பழைய ஸ்பிரிங்குக்கு அது முன்மாதிரி ஆகாது.

ஆர்ம், பிராக்கெட், பட்டை ஆகியவற்றுக்கு நான் சொல்வது இரண்டு பாக எபாக்ஸி பிரைமரும் அதன்மேல் 2கே (இதுவும் இரண்டு பாகம் கலப்பது) பாலியூரித்தேன் கருப்பும். அதிகப் பளபளப்பில்லாத கருப்பு அந்தக் காலத்துத் தோற்றத்துக்கும் நெருக்கமாக இருக்கும். புஷ்களை எல்லாம் பிரஸ்ஸில் எடுத்துவிட்டு, துளைகளையும் மரைகளையும் ரப்பர் அடைப்பால் மூடி, மெல்லிய துகளால் பிளாஸ்டிங் செய்ய வேண்டும். சென்னையின் கடற்காற்றில், பிளாஸ்டிங் முடிந்த வெற்று எஃகு அன்று மாலைக்குள்ளேயே மஞ்சளாகத் துருவேறத் தொடங்கும். ஆகவே பிரைமரை அன்றே அடித்துவிடும்படி இரு வேலைகளையும் ஒரே நாளில் வையுங்கள். பிளாஸ்டிங் செய்த பாகத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். செங்குத்துத் தண்டுக்கு மரையையும், பால் ஜாயிண்ட்டும் ஸ்டப் ஆக்ஸிலும் உட்காரும் டேப்பர் துளைகளையும் விட்டுவிட்டு, மற்ற இடத்தில் மெல்லியதாக ஒரே ஒரு பூச்சு போதும். ஒரிஜினல் கருப்புதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால், அதற்கு வெளிர் சாம்பல் நிறம் அடியுங்கள். துருக் கசிவும் விரிசலும் அதில் உடனே தெரியும்.

துருவை நீக்க ஆசிட்டில் முக்குவதும், பேட்டரி சார்ஜரை வைத்து எலக்ட்ராலிசிஸ் முறையில் நீக்குவதும் பிராக்கெட் போன்ற மென்மையான எஃகுக்குச் சரி. ஸ்பிரிங், பட்டை, உயர் வலிமை போல்ட், செங்குத்துத் தண்டு ஆகியவற்றுக்குக் கூடாது. இரண்டு முறைகளிலும் ஹைட்ரஜன் உருவாகிக் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக மாற்றிவிடுகிறது. பாகம் வெளிப்பார்வைக்குப் புதியதுபோல் இருக்கும்; பாரம் ஏறி நாள்கள் கழித்து, எந்தக் காரணமும் தெரியாமல் ஒடியும். ஜிங்க் பிளேட்டிங் செய்யும் இடத்திலும் இதே ஆபத்து உண்டு, ஏனென்றால் அங்கேயும் ஆசிட் தொட்டியும் மின்சாரமும் இருக்கின்றன. மஞ்சள் ஜிங்க் பூச்சு போல்ட்டுக்கு அழகும் பாதுகாப்பும் தரும் என்பது உண்மை. ஆனால் உயர் வலிமை போல்ட்டுக்கு அதைச் செய்தால், பூச்சு முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூட்டடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். பிளேட்டிங் கடைக்காரரிடம் இந்த வசதி இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்றால் சாதாரண வாஷர், கிளிப் வகைகளை மட்டும் அங்கே கொடுத்துவிட்டு, பாரம் தாங்கும் போல்ட்டுகளைப் பூச்சோடு வரும் புதியவையாக வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது ரப்பர் புஷ் உள்ள எந்தப் போல்ட்டையும் கார் ஜாக்கியில் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்கிவிடாதீர்கள். அந்த நிலையில் இறுக்கினால் புஷ் அதையே இயல்பு நிலையாகப் பிடித்துக்கொள்ளும். காரைத் தரையில் இறக்கியதும் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று சில மாதங்களில் கிழிந்துவிடும். புதுப் புஷ் தரமில்லை என்று பலர் குறைப்படுவதற்குப் பாதிக் காரணம் இதுவே. எல்லாவற்றையும் கையிறுக்கமாகப் போட்டு, சக்கரம் மாட்டி, காரைத் தரையில் நிறுத்தி, முன் இருக்கைகளில் இருவரை உட்காரவைத்து, காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, அதன்பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். முன் சக்கர டேப்பர் பேரிங்குகளுக்கு மட்டும் இறுக்கமே கூடாது. மிகச் சிறிய ஆட்டம் விட்டே நட்டை நிறுத்தி, அது சுழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் போட வேண்டும்.

டிரன்னியனுக்குத் தனியாக ஒரு கிரீஸ் கன்னை ஒதுக்கி, அதில் ஈபி 90 ஆயிலை மட்டும் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிப் பாரத்தை எடுத்துவிட்டு, டிரன்னியனில் உள்ள திருகைக் கழற்றி நிப்பிள் மாட்டி, மேல் சீலில் எண்ணெய் எட்டிப் பார்க்கும்வரை செலுத்திவிட்டு, நிப்பிளை எடுத்துத் திருகை மீண்டும் போடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன இடைவெளி 6,000 மைல், அதாவது ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர். நம் தூசிக்கும் மழைக்கும் அதில் பாதித் தொலைவுக்கு ஒருமுறை செய்வது நல்லது. தேங்கிய வெள்ளத்தில் கார் இறங்கி வந்திருந்தால் அந்த வாரமே செய்துவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் மீண்டும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, ஸ்பிரிங்குகள் படிந்து காரின் உயரம் நிலைத்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகு அலைன்மெண்ட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள்.